வயதான பிராணிகளின் புதன்கிழமை: ரஹ்மத் அக்கா நினைவாக

செய்தி வந்தபோது என் கையில் ஊசி இருந்தது. பதினான்கு வயது நாய் ஒன்றின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த கைத்தொலைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. நாயைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "டாக்டர், ஏதோ மெசேஜ் வருதுபோல" என்றார். ரத்தக் குழாய் நிரம்பும்வரை நான் திரும்பவில்லை. குழாயில் பெயர் ஒட்டி, நாயைக் கீழே இறக்கிவிட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். ரஹ்மத் அக்காவின் தம்பி ஷாஜகான் எழுதியிருந்தார். "அக்கா விடியக்காலை ஃபஜ்ரு நேரத்துல மௌத்தாயிட்டாங்க டாக்டர். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறோம். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க."

அன்று புதன்கிழமை. எங்கள் கிளினிக்கில் புதன்கிழமை வயதான பிராணிகளுக்கானது. அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். வெளியே இன்னும் ஐந்து பேர் கூடைகளோடும் கயிறுகளோடும் காத்திருந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அவர் இருந்திருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று பிறகு ஷாஜகானிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. கையில் வேலை இல்லாமல் அந்த அறையில் நிற்கப் பயமாக இருந்தது. ஐந்து பிராணிகளையும் பார்த்து முடித்துவிட்டு கேலாங்கில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் பொதிந்திருந்தார்கள். இவ்வளவு சிறிய உடம்பா என்று தோன்றியது.

சிங்கப்பூர் தேக்காவில் நகைக்கடைகளின் பின்சந்தில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு வந்துபோன உங்களில் பலருக்கு, என் முகத்தைவிட அவர் முகம்தான் நினைவில் நிற்கும். நான் உள்ளறையில் இருக்கும் மருத்துவர். பிராணியை உங்கள் மடியிலிருந்து வாங்குவதும், எடை பார்ப்பதும், ரத்தத்தைச் சோதனைக் கருவியில் வைப்பதும், முடிவைச் சொல்ல உங்களை உள்ளே அழைப்பதும் அவர்தான். பதினேழு வருடங்கள் அப்படி இருந்தார்.

அதற்கு முன் மனிதர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் கூடமொன்றில் வேலை பார்த்தவர். அங்கே நல்ல பதவி. அதை விட்டு, சம்பளம் குறைந்த எங்கள் இடத்துக்கு ஏன் வந்தார் என்று நேர்காணலிலேயே கேட்டேன். "எங்க வீட்டுப் பூனை செத்துப்போச்சு டாக்டர். பதிமூணு வயசு. ஒரு நாள் காலையில எழுந்திரிக்கல. நான் தினமும் நூறு பேரோட ரத்தத்தைப் பார்க்கறவ. என் காலடியில படுத்திருந்ததோட ரத்தத்தை ஒரு தடவைகூடப் பார்க்கணும்னு தோணல" என்றார். சொல்லும்போது அழவில்லை. பதவியை விட்டுவந்த வருத்தமும் அந்தக் குரலில் இல்லை. நான் வேறு கேள்வி கேட்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

நாய்களைத் தொடுவார். தொட்ட பிறகு மண் கலந்த சோப்பால் இஸ்லாமிய மார்க்க முறைப்படி கைகளைக் கழுவுவார். அந்தச் சோப்பு கழுவுதொட்டியின் ஓரத்தில் எப்போதும் இருக்கும். ஒருமுறை ஒருவர், "நீங்க முஸ்லிம்தானேக்கா, நாயைத் தொடலாமா?" என்று கேட்டுவிட்டார். அக்கா நாயின் காதைத் தடவிக்கொண்டே, "தொட்டா கழுவணும். கழுவறேன். இதுக்கு உடம்பு சரியில்லாதப்போ வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். கேட்டவர் பிறகு பத்து வருடம் எங்களிடமே வந்தார்.

புதன்கிழமை ஏற்பாடு அவர் சேர்ந்த இரண்டாவது வருடம் தொடங்கியது. ஏழு வயதைத் தாண்டிய எந்தப் பிராணியும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர், பல், கண். எல்லாம் வழக்கமான பரிசோதனைகள்தான். ஆனால் யாரும் எளிதில் வந்துவிட மாட்டார்கள். "நல்லாத்தானே இருக்குலா, எதுக்கு ஊசி குத்தணும்?" என்பார்கள். மெலிந்துபோன பூனையைத் தூக்கிக்கொண்டு, "வயசாயிடுச்சு, அதான்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். "வயசு ஒரு நோய் இல்லைங்க. நோய்தான் வயசுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிக்கும்."

பரிசோதனை முடிவுகள் வரும் அரை மணி நேரம் அந்தச் சிறிய காத்திருப்பறையில் யாரும் பேச மாட்டார்கள். உள்ளே கருவி சுற்றும் ஓசை வெளியே கேட்கும். அது நின்றதும் எல்லோர் கண்களும் கதவுக்குப் போகும். அக்கா வெளியே வந்து பெயர் சொல்லி அழைப்பார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. நல்ல முடிவுக்கும் கெட்ட முடிவுக்கும் ஒரே முகம்தான். அதைப் பார்த்துப் பலர் பயந்ததுண்டு. நான்கூடக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னேன். "நல்லதுக்குச் சிரிச்சா, சிரிக்காத அன்னைக்கு வாசல்லயே தெரிஞ்சிடும் டாக்டர். அவங்க உட்காரக்கூட நேரம் கிடைக்காது" என்றார்.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். காத்தோங்கிலிருந்து ஒரு தம்பதி பிரௌனி என்ற நாயைக் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் இல்லாதவர்கள். நாய்க்குப் பத்து வயது. மூன்றாவது பரிசோதனை முடிந்த அன்று அக்கா மூன்று தாள்களையும் என் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சிறுநீரகத்தைக் காட்டும் எண்ணில் விரலை வைத்தார்.

"மூணும் நார்மல்தான் டாக்டர். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேல போகுது."

"வரம்புக்குள்ளதானே இருக்குக்கா."

"வரம்புக்குள்ளதான்."

"அப்போ அதைச் சொல்லி அவங்களை எதுக்குப் பயமுறுத்தணும்? அடுத்த தடவை பார்ப்போம்."

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா கோயில் பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மாதம் கழித்துப் பிரௌனியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டு வாரத்தில் போய்விட்டது. உணவை அப்போதே மாற்றியிருந்தால் இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பிராணியின் கோப்பிலும் கடைசி மூன்று தாள்களைச் சேர்த்துப் பின் குத்தி வைக்க ஆரம்பித்தார். நான் நினைத்தாலும் ஒன்றை மட்டும் பார்க்க முடியாது.

மார்சிலிங்கில் கோவிந்தசாமி என்றொரு பெரியவர் இருக்கிறார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாக வசிக்கிறார். ராணி என்ற பூனை மட்டும் துணை. அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லாத வருடங்களில் அவளை ஒளித்தே வளர்த்திருக்கிறார். அதனால் எந்த மருத்துவரிடமும் காட்டியதில்லை. விதி மாறிய பிறகுதான் முதல்முறை எங்களிடம் கொண்டுவந்தார். அப்போது ராணிக்குப் பதினைந்து வயது. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னோம். வரவில்லை. அக்கா தொலைபேசியில் அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"வேணாம்மா. நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கு. ஏதாச்சும் இருக்குன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார் அவர்.

"சரிண்ணே. நீங்க வர வேணாம். நாங்க வர்றோம்" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாங்கள் இருவரும் போனோம். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ராணி சமையலறையிலிருந்து நடந்து வந்தாள், சோபாவைச் சுற்றினாள், ஒரே தாவலில் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்தாள். "பாருங்க, இதுக்கு என்ன வியாதி?" என்று பெரியவர் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா பூனையைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மேசை, சோபா எல்லாம் நகர்த்தறதே இல்லையாண்ணே?"

"எதுக்கு நகர்த்தணும்? வீட்டுக்காரி போனதிலேருந்து எல்லாம் அப்படியேதான் இருக்கு."

அக்கா எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, ஜன்னலுக்கும் சமையலறைக்கும் நடுவே வைத்தார். பிறகு சமையலறையில் இருந்த ராணியின் சாப்பாட்டுத் தட்டை விரலால் தட்டினார். ராணி கீழே குதித்தாள். நேராக நடந்தாள். நாற்காலியின் காலில் அவள் தலை மோதியது. நின்றாள். மூக்கை நீட்டி அந்தக் காலை மோந்து பார்த்தாள். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பெரியவர் சிரிப்பது நின்றது. நான் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தேன். கண்பாவை கறுப்பாக விரிந்தபடியே இருந்தது, சுருங்கவே இல்லை. ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றிருந்தது. எத்தனை வாரமாக அவள் இருட்டில் நடந்துகொண்டிருந்தாளோ. வீட்டில் எதுவும் இடம் மாறாததால் யாருக்கும் தெரியவில்லை.

"தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் பெரியவர். அதையே இரண்டு முறை சொன்னார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தினமும் பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியாதுண்ணே. உங்க தப்பு இல்லை. அதுக்குத்தான் எங்களை மாதிரி வெளியாளுங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்."

ராணியின் பார்வை திரும்பவில்லை. மாத்திரையில் அழுத்தம் இறங்கியது, அவள் இன்றும் இருக்கிறாள். காரில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நமக்கும் இப்படித்தான் டாக்டர்" என்று மட்டும் சொன்னார். பெரியவரைப் பார்த்த வருத்தத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவதை ஷாஜகானின் அனுமதியோடு எழுதுகிறேன்.

சென்ற வருடக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஒரு அல்சேஷன் நாயின் கோப்பைத் தேடினேன். பெரிய நாய்களின் தாள்களைப் போட்டு வைக்கும் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எடைத்தாள் இருந்தது. அக்காவின் கையெழுத்து. பிராணியின் பெயர் இல்லை, சொந்தக்காரர் பெயரும் இல்லை. வயது என்ற இடத்தில் 'முதிர்ந்தது' என்று மட்டும் இருந்தது. கீழே மாதத்துக்கு ஒன்றாக ஆறு எடைகள். முதல் எண் அறுபத்தொன்றரை கிலோ. கடைசி எண் ஐம்பத்து மூன்று. நடுவில் ஒரு மாதம்கூட ஏறவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தார்.

"அக்கா, இது யாரோட நாய்? பேரே போடலையே."

நிமிர்ந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எழுத விட்டுப்போச்சு டாக்டர்."

"ஆறு மாசத்துல எட்டரை கிலோ போயிருக்கு. சாப்பிடுதா?"

"சாப்பிடுது. முன்ன மாதிரி இல்லை."

"வாந்தி?"

"எப்பவாச்சும்."

"வலி இருக்கிற மாதிரி தெரியுதா?"

"முதுகுப் பக்கம் இருக்குபோல. நேரா படுக்க முடியல. முன்னால சாஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை."

"இவ்வளவு எடைன்னா என்ன ரகம் இது?"

"நாட்டு ரகம்தான் டாக்டர்" என்றார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

அறுபது கிலோ எடையுள்ள நாட்டு நாய் எங்கேயும் கிடையாது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. என் கவனமெல்லாம் அந்த எண்களில் இருந்தது. நான் சொன்னேன்: "இது நல்லதுக்கு இல்லைக்கா. உள்ள கட்டி இருக்கும். கணையம், கல்லீரல், அந்தப் பக்கம் எங்கயாச்சும். இப்பவே நாள் கடந்துபோச்சுன்னு நினைக்கிறேன். இன்னும் விட்டா வலிக்கு மருந்து கொடுக்கிறதைத் தவிர நம்ம கையில ஒண்ணும் இருக்காது. எதுக்கு இவ்வளவு நாள் சும்மா இருந்தாங்க?"

"பயந்திருப்பாங்க டாக்டர்."

"நீங்க எடுத்துச் சொல்லலையா?"

"சொல்லிட்டேன். புதன்கிழமை காட்டறதா இருக்கு."

அந்தப் புதன்கிழமை அக்கா விடுப்பு எடுத்தார். பதினேழு வருடத்தில் அவர் விடுப்பு எடுத்த முதல் புதன்கிழமை. ஒரு பெரிய நாய் வரும் என்று நான் நாள் முழுக்க எதிர்பார்த்தேன். மாலை கதவை மூடும்போதுகூட ஒருமுறை சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவர் வந்ததும், "அந்த நாய் வரவே இல்லையேக்கா" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். பிராணிகளின் சொந்தக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் என் எதிரே உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வேற இடத்துல காட்டியாச்சு டாக்டர். ஸ்கேன் எடுத்துட்டாங்க. நீங்க சொன்ன இடம்தான், கணையம். நாள் கடந்துபோச்சுன்னு சொன்னீங்கல்ல, அதையும் அப்படியேதான் சொன்னாங்க."

ஒரு கணம் எனக்கு அப்போதும் புரியவில்லை. பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் சரிந்திருந்தது. கழுத்தெலும்பைப் பார்த்தேன். பெரிய நாய்களை நிறுத்தும் தராசில், நான் உள்ளறையில் இருந்த நேரங்களில், அவர் மாதம் ஒருமுறை ஏறி நின்றிருக்கிறார். நான் அவரைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மாதம் வேலைக்கு வந்தார். வேண்டாம் என்று நானும் ஷாஜகானும் சொன்னோம், கேட்கவில்லை. பூனைகளை மட்டும் தூக்கினார், பிறகு அதுவும் முடியவில்லை. எடைத்தராசுப் பக்கம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர்த்தோம். ஒரு புதன்கிழமை மாலை மேல்சட்டையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, நாளைக்கு வரவில்லை என்றார். அதன்பிறகு கிளினிக்குக்கு வரவே இல்லை.

நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் பேசினேன். வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் கேலாங் வீட்டுக்குப் போனேன். பிற்பகல். கட்டிலில் தலையணைகளை அணைத்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஷாஜகானின் மனைவி எனக்கு ஒரு கூஜாவில் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தார்.

அன்று என் மனத்தில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. உங்க முகத்துக்கு நேரா, ஒண்ணும் மிச்சமில்லைங்கிற மாதிரி."

"அதுக்குத்தானே டாக்டர் அந்தத் தாளை மேல வச்சேன்."

நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நாள் குறிச்சு ரெண்டு தடவை தள்ளிப் போட்டேன். மூணாவது தடவையும் தள்ளிப் போடத்தான் நினைச்சேன். உங்ககிட்ட எனக்குன்னு கேட்டிருந்தா, 'ஒண்ணும் இருக்காதுக்கா, கவலைப்படாதீங்க'ன்னு சொல்லியிருப்பீங்க. நாய்க்குன்னா உண்மையைச் சொல்வீங்க. அது எனக்குத் தெரியும்."

"சீக்கிரமே சொல்லியிருக்கலாமேக்கா."

"பயந்துட்டேன் டாக்டர். இத்தனை வருஷம் மத்தவங்களைப் பார்த்து, ஏன் கொண்டுவரலைன்னு கேட்டவதான். எனக்குன்னு வந்தப்போ அந்தத் தராசுல ஏறி நின்னு எழுதி வைக்க மட்டும்தான் தைரியம் இருந்துச்சு."

பிறகு வேறு விஷயங்களைப் பேசினேன். யார் யார் வந்தார்கள், எந்தப் பூனைக்குப் பல் எடுத்தோம் என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கண்கள் என் முகத்தில் இல்லை. என் கையில் இருந்தன.

"டாக்டர், அது நாலாவது டம்ளர்."

பார்த்தேன். கூஜா காலியாகியிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படித் தண்ணி குடிக்கிறீங்க?"

"வெயில்க்கா. நடந்து வந்தேன்ல."

அவர் பார்வையை எடுக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கும் ஓசை கேட்டது. அவர் அப்படியே காத்திருந்தார். அந்த அமைதியில் நான் சொல்லியிருந்த பதில் சிறிது சிறிதாகப் பொய்யாகிக்கொண்டே வந்தது.

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து" என்றேன்.

"ராத்திரி எழுந்திரிக்கிறீங்களா?"

"ரெண்டு, மூணு தடவை."

"நான் அங்கயே இருந்து தினமும் பார்த்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்க்கிறதால தெரியுது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். களைத்துவிட்டார். "போய்க் காட்டுங்க. எனக்காகப் போகாதீங்க. நான் கேட்க இருக்க மாட்டேன்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஒன்பது நாளில் செய்தி வந்தது.

அந்த ஒன்பது நாளில் நான் போகவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவரை அடக்கம் செய்த மறுநாள் காலைதான் அரசு பாலிகிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுக்க என் கையில் பட்டை கட்டிய தாதி, "ரொட்டீன்தான் ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்றார். பதினேழு வருடமாக எத்தனையோ பேரிடம் நான் அதே குரலில் அதையே சொல்லியிருக்கிறேன். எந்தப் பயனும் இல்லாத சொற்கள் அவை என்று அப்போதுதான் தெரிந்தது.

நீரிழிவு. சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. கண்ணின் பின்புறம் பாதிப்பு தொடங்கிவிட்டதாக அடுத்த வாரம் சொன்னார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் சேர்த்து. அதில் என்ன வரும் என்று தெரியாது. போவேன் என்று மட்டும் தெரியும்.

அக்காவை அறிந்த உங்களுக்கு இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அவர் பொறுமைசாலி, கைராசிக்காரர் என்று இரங்கல் செய்திகளில் பலர் எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவர் காத்திருந்த அந்த விதத்தை. கேள்வியைக் கேட்டுவிட்டு, முதலில் வரும் பதிலை ஏற்றுக்கொள்ளாமல், கோபப்படாமல், உதவிக்கு ஒரு சொல்லும் கொடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பது. எனக்கு அது எளிதாக வருவதில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் புதன்கிழமை ஒரு பெண்மணி பன்னிரண்டு வயதுப் பூனையைக் கொண்டுவந்திருந்தார். வழக்கமான பரிசோதனைக்குத்தான் என்றார். பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"சாப்பாட்டைக் குறைச்சு எவ்வளவு நாளாச்சும்மா?"

"நேத்துலேருந்துதான் டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்தேன். அவர் பூனையின் முதுகைத் தடவினார், கூடையின் கதவைத் திறந்தார், மறுபடி மூடினார். வெளியே யாரோ இருமினார்கள். நான் காத்திருந்தேன். கடைசியில் அவர் என்னைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தபடி சொன்னார்.

"மூணு மாசமா டாக்டர். சீனப் புத்தாண்டு லீவுலேருந்து."